ஊர் சுற்றி வரும் சம்பளம்

மற்றவர்கள் சம்பளம் மாதக் கடைசியில் வங்கியில் வந்து விழும், இரண்டு வாரத்தில் கரைந்து போகும். என் அத்தானுடைய சம்பளம் அவ்வளவு எளிதில் கரையாது. அது முதலில் ஒரு வங்கியில் இறங்கும். மறுநாள் அங்கிருந்து கிளம்பி இரண்டாவது வங்கிக்குப் போகும். ஓர் இரவு தங்கிவிட்டு மூன்றாவது வங்கி, அப்புறம் நான்காவது. போகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விட்டுவிட்டு, வீட்டுச் செலவுக்கு வந்து சேரும்போது பாதியாக இளைத்திருக்கும். "அத்தான், சம்பளம் இப்ப எங்க இருக்கு?" என்று மாதத்தின் முதல் வாரத்தில் கேட்பேன். "மூணாவதுல இருக்கும்மா. நாளன்னைக்கு வந்துரும்" என்பார், வெளியூர் போன சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் நடுவில் இருக்கிற உயரமான அலுவலகக் கட்டடங்களில் பாதிக்கு அவர்தான் வைத்தியர். மொட்டை மாடிக்கும் மேலே ஒரு சின்ன இயந்திர அறை இருக்கும். அதற்குள் குனிந்து நுழைந்து, இரும்பு வடங்களை விரலால் தடவி எங்கேயாவது இழை பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார், பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். மாலையில் வீட்டுக்கு வரும்போது கிரீஸ் வாசனை அவருக்கு முன்னால் வரும். இப்படி ஊரையே ஏற்றி இறக்கும் மனிதர் தனக்கென்று பிடித்த வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நான்காவது மாடியில். கேட்டால், வாடகை குறைவு என்பார். மூன்றாவது மாடியில் ஓர் ஒற்றை அறை எனக்கு. மேலே சமைத்தால் எனக்கு வாசனை வரும், நான் படியேறிவிடுவேன். எனக்கென்று தனியாக அடுப்பு மூட்டிய நாட்கள் குறைவு.

அவருக்கு எதையும் ஒரு தடவை செய்து பழக்கமில்லை. ஒரு திருகை முடுக்கினால் கையை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்ப்பார். "முடுக்கியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வார். வீட்டில் அடுப்பை அணைத்தாலும் அப்படித்தான், "அணைச்சாச்சு." கதவைப் பூட்டினால் "பூட்டியாச்சு." பற்பசை தீர்ந்ததும் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே இருப்பதை வழித்து இன்னொரு வாரம் ஓட்டுவார். கஞ்சன் என்று நான் அவர் காதுபடவே சொல்வேன். "கஞ்சன் இல்லடி, கவனமான ஆளு" என்று அக்கா வக்காலத்து வாங்குவாள். அவர் சிரிப்பார். அந்த மனிதரைக் கோபப்படுத்த முடியாது. பல வருடம் முயன்று பார்த்தவள் சொல்கிறேன். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் வீட்டுக்குத் தேவையான கோபம் மொத்தத்தையும் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் உதவியாள். படுக்கை விரிப்பு மாற்றுவது, வெந்நீர் கொண்டுபோவது, தள்ளுவண்டியைக் கழுவுவது, இடையிடையே வலியில் துடிக்கிற யாராவது ஒருத்திக்குக் கையைக் கொடுத்துவிட்டு நிற்பது. கையைக் கொடுப்பது வேலைக் கணக்கில் வராது, ஆனால் மணிக்கட்டில் நகக்கீறல் இல்லாமல் அவள் வீடு திரும்பிய வாரமே கிடையாது. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவள் அவள். நிறுத்தாமல் படித்தவள் நான். படித்து என்ன கிழித்தேன் என்று கேட்காதீர்கள், மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் பிரசவ உதவிச் செவிலியர் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஒரு வருடம், முழு நேரம். வார்டு உதவியாளர்களுக்கும் இடம் தருவார்கள். பள்ளிப் படிப்பு அவ்வளவாக இல்லாவிட்டாலும் அனுபவத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் கட்டணம் கட்ட வேண்டும், அந்த வருடம் சம்பளமும் கிடையாது. ஒருநாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "ஒரு வருஷம் சம்பளம் இல்லாம சமாளிக்க முடிஞ்சா நானும் படிச்சுருவேன். பிள்ளையை நானே வாங்கிக் கையில எடுப்பேன்." சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துவிட்டாள். அத்தான் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, தன் சம்பளம் வரும் வங்கிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே கணக்குத் திறக்கும் மேசையில் இருந்த அம்மாள்தான் அவருக்கு மாதச் சேமிப்புக் கணக்கு என்ற ஒன்றைக் காட்டிக் கொடுத்தவர். சம்பளம் விழுந்து வாடகை போகிற சாதாரண நடப்புக் கணக்கு எல்லோருக்கும் இருக்கிறதே, அதோடு இதைக் கோத்துவிடுவார்கள். மாதாமாதம் ஒரே தேதியில், சொன்ன தொகையை அதிலிருந்து இது தானாக இழுத்துக்கொள்ளும். ஒரு வருடம் கை வைக்காமல் இருந்தால் நல்ல வட்டி. நடுவில் தொட்டால் அந்த வட்டி போச்சு. அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாதத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது மட்டும்தான் குறை.

"இன்னொண்ணு தொறந்துக்கலாமாம்மா?"

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் சார்."

"அப்ப வேற பேங்க்ல?"

"அது உங்க இஷ்டம் சார்" என்றார் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே.

சிரித்திருக்கக் கூடாது. அடுத்த சில மாதங்களில் அத்தான் ஊரில் இருந்த வங்கிகளையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்ந்தார். எல்லா வங்கியும் ஒரே நிபந்தனை போட்டது: முதலில் எங்களிடம் நடப்புக் கணக்கு திற, அதில் மாதாமாதம் சம்பளம் போல ஒரு தொகை வந்து விழ வேண்டும், அப்புறம்தான் சேமிப்புக் கணக்கு. மனிதருக்கு இருப்பது ஒரே சம்பளம். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விட்டிருப்பார்கள். பணம் வந்து விழ வேண்டும் என்றுதான் சொல்கிறார்களே தவிர, தங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பது அத்தானுக்குப் புரிந்தது ஓர் இயந்திர அறையில், கையில் ஸ்பானரோடு. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் சம்பளத்தின் ஊர்வலம். அதிகம் கேட்கும் வங்கி முதலில், குறைவாகக் கேட்கும் வங்கி கடைசியில், வழியில் ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு. எதையும் எழுதி வைக்க மாட்டார். எல்லாம் தலைக்குள் ஓடும்.

என்னையும் விடவில்லை. ஒரு விடுமுறை நாளில் இழுத்துக்கொண்டு போய் எனக்கும் ஒன்று திறந்து வைத்தார். மூன்றாவது மாதம் ஒரு குளிர்க்கோட்டு கண்ணில் பட்டது, நான் கணக்கை மூடிக் கோட்டை வாங்கிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு மேலே போய் நின்றேன். அத்தான் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உடைச்சுட்டியா?" என்றார். கண்ணாடிப் பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தவர் குரல் அது. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கோட்டு நல்ல கோட்டு.

முதல் வருடம் முடிந்தது. நான்கு கணக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக முதிர்ந்தன. இனிமேல் அக்கா விண்ணப்பம் போட வேண்டியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் சொன்னார்: "புதுசாத் தொறக்கிற கணக்குக்கு முக்கால் சதவீதம் கூடுதலாத் தராங்க. இன்னும் ஒரு சுற்றுப் போட்டா, நீ படிக்கிற வருஷம் பூரா பணக்கவலையே இருக்காது."

"சரிங்க, போடுங்க" என்றாள் அக்கா.

அவள் அதைச் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. முதிர்ந்த பணத்தை அந்தந்த வங்கியிலேயே நிரந்தர வைப்பாகப் பூட்டிவிட்டு, அத்தான் புதுச் சுற்றைத் தொடங்கினார். அடுத்த வருடமும் அதே கதை. வட்டி கூடியிருக்கிறது, இன்னும் ஒரு சுற்று, சரிங்க போடுங்க. மூன்றாவது சுற்றும் ஓடத் தொடங்கியது. "நீங்க போடுற சுத்துக்கு அக்கா தலை நரைச்சுரும்" என்றேன். "நரைச்சா சாயம் அடிச்சுக்குவா" என்றார் அத்தான். அக்கா சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்தச் சிரிப்பெல்லாம் வற்றிப்போனது ஒரு புதன்கிழமை. அக்காவின் வார்டுத் தலைமைச் செவிலி படிக்கிற கண்ணாடி மாற்ற எங்கள் கடைக்கு வந்தார். மூக்கில் சட்டத்தை வைத்து நான் அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தார்.

"உங்க அக்கா ஏன் இன்னும் விண்ணப்பம் போடல?"

"அடுத்த வருஷம் போடுவாங்க மேடம்."

"அடுத்த வருஷம் எப்படிப் போடுவா? நாப்பத்தஞ்சு வயசோட முடிஞ்சுது. அடுத்த சேர்க்கைக்குள்ள அவளுக்கு அது தாண்டிரும். இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. போன வருஷமே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினா."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவருக்கு எந்தச் சட்டத்தை விற்றேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. மதிய இடைவேளைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பீட்டு அலுவலகக் கட்டடத்தில் அத்தான் வேலை செய்துகொண்டிருந்தார். லிஃப்டை அவர்தான் நிறுத்தி வைத்திருந்தார். கடைசி மாடி வரை நடந்தே ஏறினேன். ஒவ்வொரு மாடிக்கும் என் கோபம் ஒரு படி ஏறியது.

"உங்க வட்டியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க அத்தான்!" என்றுதான் உள்ளே நுழைந்தேன். "அக்காவுக்கு வயசு வரம்பு இருக்கு. வெள்ளிக்கிழமையோட முடியுது. தெரியுமா உங்களுக்கு?"

அவர் திரும்பினார். கையில் இருந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "வயசு வரம்பா?" என்றார். "அவ என்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேட்டீங்களா?"

கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்துவிட்டார். நான் இன்னும் நிறையப் பேச வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பிரித்துப் போட்டிருந்த பிரேக்கை மறுபடியும் பூட்டினார். தொட்டுப் பார்த்தார், மறுபடியும் தொட்டுப் பார்த்தார். லிஃப்டைக் காலியாக மேலும் கீழும் ஓட விட்டார். எனக்கானால் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் சக வேலைக்காரரைப் போனில் கூப்பிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "வா, போகலாம்" என்றார் என்னிடம்.

"எங்க?"

"எல்லா இடத்துக்கும்தான்."

முதலில் போன வங்கியில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பையன். திரையைப் பார்த்துவிட்டுப் பதறிப் போனான். "சார், இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. இப்ப மூடினா நல்ல வட்டி எல்லாம் போயிரும், பேருக்குத்தான் ஏதோ வரும்." அத்தான் தலையாட்டினார். கையெழுத்துப் போடக் குனிந்தவர் போடாமல் நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். கை நடுங்கியது. கீழே பார்த்தால் தலை சுற்றும் உயரத்தில் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை அது. நான் வெளியே தெருவைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன்.

இரண்டாவது வங்கியில் சட்டென்று முடிந்துவிட்டது. மூடினார்கள், அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவதில்தான் இடி விழுந்தது. சேமிப்புக் கணக்கை மூடலாம், ஆனால் பூட்டிய வைப்பை எடுக்க ஒரு மாதம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் பாதிக்கு மேல் இந்த வருடம் கொடுக்க மாட்டோம் என்றாள் மேசையில் இருந்த பெண். எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. அவள்மேல் தப்பில்லை, அவர்கள் சட்டம் அது. அத்தான் வெளியே வந்து சுவர் ஓரமாக நின்றார். உதடு மட்டும் அசைந்தது. தலைக்குள் கணக்கு ஓடுகிறது என்று தெரிந்தது.

"கட்டணத்துக்கு வந்துரும்" என்றார் கடைசியில். "அவ சம்பளம் இல்லாத குறைக்கு வீட்டுக்கு ஒரு எட்டு மாசம் வரும். மிச்சம் நாலு மாசம்…"

"என்ன பண்றது அத்தான்?"

"பாத்துக்கலாம்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. பார்த்துக்கலாம் என்று சொல்கிறவர்களை அவருக்கு ஆகாது. அந்த ஒரு சொல்லுக்காக அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப் பிடித்திருப்பேன், சட்டையெல்லாம் கிரீஸ்.

நான்காவது, ஆரம்பத்தில் அவருக்கு இந்த வழியைக் காட்டிய அம்மாள் இருக்கிற வங்கி. கதவை மூடப் போகிற நேரம். அவரைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க சார், அடுத்த சுற்றா?" என்றார். அத்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத்தனை நாள் கட்டிட்டீங்க. ஒரு மாசம்கூடத் தவறல. ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க சார்."

"யோசிச்சு யோசிச்சுத்தான் மூணு வருஷம் போயிருச்சும்மா" என்றார் அத்தான். "கணக்கு எப்ப வேணா தொறந்துக்கலாம். என் வீட்டுக்காரிக்கு வயசு தாண்டிருச்சுன்னா என்னத்தைத் தொறக்கிறது?"

மூடுகிற வேலையை அந்த அம்மாளே முன்னின்று முடித்துக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார். அத்தான் படியில் இறங்கும்போது "மூடியாச்சு" என்று முணுமுணுத்தார்.

அக்கா வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிவிட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அத்தான் வழக்கமாகப் போய் உட்காரும் நாற்காலியில் உட்காராமல் சமையலறை வாசலிலேயே நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால்.

"எல்லாத்தையும் உடைச்சுட்டேன்" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "எதை?"

"கணக்கை. வெள்ளிக்கிழமை கட்டணம் கட்டிரலாம்."

அக்காவின் பார்வை அவரைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாரு உங்களை உடைக்கச் சொன்னா? ரெண்டு மாசம் பொறுக்க முடியாதா? அத்தனை வட்டியையும் தூக்கிக் கொடுத்துட்டு வந்து நிக்கிறீங்க. ஏய், நீதானே போட்டுக் கொடுத்த?"

"நான்தான்" என்றேன். "உங்க தலைமைச் செவிலி என்கிட்ட சொல்லிட்டாங்க. நீ ஏன் சொல்லல?"

"சொல்லத் தோணல."

"போன வருஷமே அவங்க சொல்லியிருக்காங்க."

அவள் கிழங்கை எடுத்து மறுபடியும் சீவத் தொடங்கினாள். சீவிய கிழங்கையே சீவினாள். அது கையில் கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. அத்தான் மெதுவாகப் போய் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"என்ன பயம் உனக்கு?" என்றார்.

அக்காவின் குரல் சின்னதாக வந்தது. "அங்க எல்லாம் சின்னப் பொண்ணுங்க. இங்கிலீஷ்ல எழுதுறாங்க, மனப்பாடமாச் சொல்றாங்க. நான் ஆறாவதோட நின்னவ. வார்டுல எல்லாரும் என்னை மதிக்கிறாங்க. நான் போய்ப் பெயிலாயிட்டு அதே வார்டுல வந்து வண்டி கழுவணுமா? வயசு தானாத் தாண்டிப் போயிருச்சுன்னா, முடியலன்னு நான் என் வாயால சொல்ல வேண்டியதில்ல பாருங்க. நீங்க இன்னும் ஒரு சுற்றுன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

வலியில் கத்துகிற பெண்களுக்கெல்லாம் மணிக்கணக்காகக் கையைக் கொடுத்துவிட்டு நிற்கிறவள், தன் பயத்தை மூன்று வருடமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். என்னிடம்கூட.

அத்தான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு" என்றார் அவர். "பணத்தைச் சேத்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் ஒரு தைரியம். செலவு பண்ற நாள் வந்துருமோன்னு பயம். அதான் சுற்றுக்கு மேல சுற்றாப் போட்டேன். இன்னைக்கு உடைச்சேன். கை நடுங்குச்சு. இவளைக் கேளு."

"நடுங்குச்சு" என்றேன்.

"உடைச்சதுக்கு அப்புறம் பாத்தா, பெரிசா ஒண்ணும் ஆகல. தெருவில நடந்து வந்தேன். பசிச்சுது."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "நிஜமாவே பெயிலாயிட்டா?"

"மறுபடியும் எழுது."

"அதுக்கும் பணம் கட்டணும்."

"கட்டுறேன். மறுபடியும் மொதல்ல இருந்து சேக்கிறேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

வெள்ளிக்கிழமை அவள் போய்க் கட்டினாள். அந்த வருடம் எப்படி ஓடியது என்று கேட்டால், கடைசி நாலு மாதம் நாங்கள் உருளைக்கிழங்காகவே தின்று தீர்த்தோம். நான் என் அறையைக் காலி செய்துவிட்டு மேலே அவர்கள் கூடத்தில் படுத்துக்கொண்டேன், ஒரு வாடகை மிச்சம். அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார். அக்கா பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். கேட்டுக் கேட்டு நானே பாதிச் செவிலியாகிவிட்டேன். இன்றைக்கு அவள் அதே வார்டில் செவிலிகளின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கையில் வாங்குகிறாள். ஆனால் என் மனதில் நிற்பது அந்த நீலச் சட்டை இல்லை.

முதல் பருவத் தேர்வு முடிவு வந்த நாள். அத்தான் காலையிலிருந்து வேலைக்குப் போகாமல் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். சாயங்காலம் கதவு திறந்தது. அக்கா தோளில் பையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கீழ் வீட்டுக்காரர்கள்கூடக் கேட்டிருப்பார்கள், அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்:

"ஏங்க, உடற்கூறு பாடத்துல பெயிலாயிட்டேன்! மத்ததெல்லாம் பாஸ்!"

சொல்லும்போது அவள் முகத்தில் பயம் என்ற ஒன்றே இல்லை. பசியோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை மாதிரி நின்றாள். அத்தான் அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"சரி, உள்ள வா" என்றார். "கையைக் கழுவு. சாப்பிட்டுட்டு மார்க்கு எங்க போச்சுன்னு பாக்கலாம்."